பத்துக்கு இரண்டு பெற்ற குரல்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்து, வழக்கம்போல் முதலில் முந்தைய நாளின் குறிப்பை எழுதினேன். இரண்டு இட்லி. 6.25க்குத் தாம்பரத்தில் மின்சார ரயில். பையில் கௌதமியின் மதிப்பெண் தாள்.

அவரை நான் பார்த்ததில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கிடங்கில், கிரேன் இயங்கும்போது மைக்கில் எச்சரிப்பவர். பாதுகாப்பு ஆய்வாளனான நான், வீட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டே, ‘மொழி ஒழுங்கு’ என்ற கட்டத்தில் இரண்டு முறையும் பத்துக்கு இரண்டு போட்டிருந்தேன். மூன்றாம் முறையும் அப்படியானால் அவருக்கு அந்த வேலை இல்லை. மூன்றாம் முறை இன்று, நேரில்.

கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, ராயபுரம் தாண்டி, 8.05க்குத் திருவொற்றியூர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

“சாத்தாங்காடு வழியாகச் செல்லுமா?” என்றேன்.

“இன்னா சார், நியூஸ் படிக்கிற மாரியே கேக்குற? ஏறு, ஏறு!” என்றார் ஓட்டுநர். வண்டியே சிரித்தது. என் பேச்சுக்கு இன்னொருவர் மதிப்பெண் போட்டது அதுவே முதல் தடவை.

8.40, கிடங்கு. கௌதமி எம்.கே.பி. நகர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

“நீதான் ரெண்டு போட்ட சாரா? வந்து பாத்துட்டுப் போட்டியா?”

“இல்லை.”

“அப்ப இன்னிக்குப் பாரு.”

விதிப்படி, நான் எழுதிய அறிவிப்பை முதலில் படித்தார்: “பளுதூக்கி இயங்கவுள்ளது. பணியாளர்கள் பாதுகாப்பான தொலைவுக்குச் செல்லவும்.” ஒரு பிழையில்லை. கிரேன் பாதையைச் சுற்றித் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் பதினொரு பேர். இருவர் நிமிர்ந்து பார்த்தனர், ஒருவரும் நகரவில்லை. கிரேனும் அசையவில்லை.

தாளைக் கீழே வைத்தார்.

“ஏய் முருகா, கோட்டுக்குள்ள இன்னா பண்ணிகினு கீற? வெளிய வா! சலீம் பாய், வண்டிய பின்னால எடு! நைனா, பீடிய அப்பால பாத்துக்கலாம், தலைக்கு மேல சுருள் வருது!”

என் கடிகாரத்தில் ஒன்பது நொடி. கோட்டுக்குள் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. இரும்புச் சுருள் அதன் மேல் கம்பீரமாகக் கடந்து போனது. பெயர் சொல்லி அழைப்பதைத் ‘தேவையற்ற பேச்சு’ என்று சிவப்பு மையில் குறித்தவன் நான்.

“சார், எங்க அக்காவுக்கு எத்தினி?” என்று முருகன் கத்தினார்.

“பத்து!”

விசில் பறந்தது. கௌதமி மட்டும் சிரிக்கவில்லை. “சரி சார். முன்னால போட்ட அந்த ரெண்டு ரெண்டு இன்னா ஆவும்?”



மறுநாள் 5.10க்கு எழுந்தேன். நாட்குறிப்பைத் திறக்கும் முன் பழைய தாள்கள் இரண்டையும் ரத்து செய்தேன். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘ஆய்வாளரின் தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.