புளியங்கட்டையில் ஒரு சீமை இழைப்புளி

பழவங்காடியில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து என் கணவர், தச்சர்கள் மரம் இழைக்கும் இழைப்புளி ஒன்றை வாங்கிவந்தார். அவர் ஆணி அடித்தால் விரல்தான் நசுங்கும். ஆனாலும் ஆபீசிலிருந்து வந்ததும் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார்.

"உளியிலே இங்கிலீஷ் எழுத்து பாத்தியோ? சீமையிலே பண்ணினது. நூறு வயசுக்குக் குறையாது" என்றார்.

அடுத்த வீட்டு டிராயிங் மாஸ்டர் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். "ஓய், கட்டையைப் பாரும். டச்சுக்காரன் கப்பல்லே வந்தது இது. இருநூறு!"

மூன்று நாள் இதே வழக்கு. காப்பி போட்டே என் கை ஓய்ந்தது.

செவ்வாய்க்கிழமை, அவர்கள் இல்லாத நேரத்தில், ஊஞ்சல் பலகையைச் சரிசெய்ய ஆசாரி வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். இழைப்புளியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது நான் செஞ்சதுல்லா அம்மா! பொன்முடி எஸ்டேட்ல துரை பழசைத் தூரப் போட்டாரு. கட்டையக் கறையான் தின்னுட்டு. உளிய மட்டும் எடுத்து, புளியங்கட்டையில புதுசா உடம்பு செஞ்சேன். ஆறு வருசம் ஆவும்."

நான் நம்பவில்லை.

"உள்ள ஒரு மர முளை இருக்கும் பாருங்க. துளை தப்பிப்போச்சுன்னு அடைச்சது" என்றவர், ஆப்பைத் தட்டி உளியை உருவினார். முளை இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்கப்படாது" என்று ஆசாரியிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் சண்டை முற்றியது. "பந்தயம் கட்டிண்டா தீந்துபோறது" என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். தோற்றவர் சாலைக் கம்போளம் கடைத்தெருவிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தைத் தலையில் சுமந்து கிழக்கேகோட்டை வழியாக வர வேண்டும். "பெரிய பழமா இருக்கட்டும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சல் ஆசாரியைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்பது என்றும் ஏற்பாடு.

ஞாயிறன்று ஆசாரி வந்து, முளையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார்.

"உளி சீமைதானே?" என்றார் என் கணவர், மெதுவாக.

"பந்தயம் முழு இழைப்புளிக்கும்னா!" என்றார் மாஸ்டர்.

"அப்போ ரெண்டு பேரும் தோத்தேள். ஆளுக்கொரு பழம்" என்றேன்.

போனார்கள். கோவில் வாசலில் என் கணவரின் மேலதிகாரி எதிர்ப்பட்டாராம். "ஆத்திலே என்ன விசேஷம்?" என்று அவர் கேட்க, பழத்தைப் பிடித்திருந்த கையால் கும்பிடவும் முடியவில்லை, பழம் சுமந்த தலையை ஆட்டவும் இவரால் முடியவில்லை. மாஸ்டர்தான் அவிட்ட நட்சத்திரத் திருநாள் என்று ஏதோ உளறி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவிட்டமே இல்லை.

வீடு வந்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே என் கணவர் கேட்டார்: "உனக்கு எப்போ தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"பந்தயம் புதன்கிழமைன்னா கட்டினோம்!"

"ஆமாம்."

என்னையே முறைத்துப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே, "ஓய் மாஸ்டர், கேட்டீரா சங்கதியை!" என்று அடுத்த வீட்டுக்கு ஓடினார்.