நன்னிலத்தில் சம்பளமில்லாத ஒரு வாரம்

1. செருப்பு

முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை, வக்கீலின் செருப்பைத் தேடுவது. வந்த கட்சிக்காரர் எவரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, ஒவ்வொரு காலாகப் பார்த்து மீட்டுக்கொண்டு வந்தேன். சென்னையில் இரண்டு வருஷம் சட்டம் படித்த அறிவு முதன்முதலாக அதற்குத்தான் பயன்பட்டது.

கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டமும் வந்திருந்த காலம். நன்னிலம் தாலுகாவில் வயலில் நின்றவர்களைவிட தாசில்தார் ஆபீஸில் நின்றவர்கள் அதிகம். பாதிப் பேர் தோளில் கழகத் துண்டு, மீதிப் பேர் கையில் சிவப்புக் கொடி. என் அப்பா இரண்டு கூட்டத்துக்கும் போவார். இரண்டிலும் டீ கொடுத்தார்கள்.

கோடை லீவில் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த வக்கீல் மிராசுதார்களுக்கு ஆஜராகிறவர். விவசாயக் கூலி வீட்டுப் பையனை ஆபீஸுக்குள் விட வேறு யாரும் தயாராக இல்லை. வக்கீல் நேராகவே சொன்னார்.

"ஒரு வாரம் வந்து பாரு தம்பி. பிடிச்சா லீவு முழுக்க இரு. படிப்பு முடிஞ்சதும் இங்கேயே ஜூனியரா வந்துரலாம். சம்பளம்னு மட்டும் வாயைத் திறக்காதே. நான் என் சீனியருக்குக் குடை பிடிச்சவன்."

இந்த வாசலை விட்டால் தொழிலுக்குள் நுழைய எனக்கு வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டில் அப்பா சம்மதம். "எதிராளி எப்படிப் பேசுறான்னு கத்துக்கிட்டு வாடா" என்றார். அம்மாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"கூலி இல்லாத வேலைக்குப் போகமாட்டோம்னுதானே உங்கப்பா கொடி பிடிச்சு அடி வாங்கினாரு? நீ பேன்ட் போட்டுக்கிட்டு அதே வேலைக்குப் போறியா?"

அதே பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2. அன்பு

வாரம் முழுக்க கேஸ் கட்டு சுமந்தேன், மனு நகல் எடுத்தேன், வெற்றிலை வாங்கினேன். உட்கார நாற்காலி கிடையாது. பழைய கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொள்வேன். அந்த வகையில் நிறைய வழக்குகளில் எனக்கு இருக்கை இருந்தது.

வெள்ளிக்கிழமை தனி தாசில்தார் முன்பு விசாரணை. மாணிக்கம் என்பவர் பல வருஷமாகக் குத்தகைக்கு உழுத நிலத்தில் தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தார். எங்கள் பக்கம் மிராசுதார். எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம் என்னவென்றால், அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல்லை அளந்து மிராசுதார் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ரசீது என்ற பேச்சே இருக்காது. கேட்டால் மரியாதை தெரியாதவன் என்று பெயர் வரும். மாணிக்கம் மரியாதை தெரிந்தவர்.

வக்கீல் எழுந்தார். "சார், இவர் குத்தகைக்காரரும் இல்லை, கூலிக்காரரும் இல்லை. பண்ணை மேல உள்ள அன்புல சும்மா வந்து ஒத்தாசை பண்ணிட்டுப் போனவர். குத்தகை கொடுத்ததுக்கு ரசீது இல்லை. கூலி வாங்கினதுக்குக் கணக்கு இல்லை. பிறகு என்ன உரிமை?"

மாணிக்கம், "அன்புக்கா ஐயா நாலு மாசம் சேத்துல நிப்பேன்?" என்றார். தாசில்தார் அதை எழுதவில்லை. அன்பு என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாதம் கச்சிதமாக இருந்ததையும் கவனித்தேன்.

கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தாசில்தார் என்னைக் காட்டி, "யார் சார் இது, புது ஜூனியரா?" என்று கேட்டார்.

"சேச்சே. நம்ம பக்கத்துப் பையன். தொழில் மேல ஒரு ஆர்வம், சும்மா வந்து ஒத்தாசை பண்ணிட்டுப் போறான்."

மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அன்று முழுவதும் அவருக்கு வந்த ஒரே சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

3. சனிக்கிழமை

"என்னப்பா, இருக்கிறியா?" என்றார் வக்கீல்.

"இருக்கேன் சார். சம்பளம் வேண்டாம். உங்க ஆபீஸ்ல இன்ன தேதியிலேர்ந்து தொழில் பழகுறேன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. போதும்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாழ்நாளில் எந்த ஜூனியருக்கும் ஒரு பைசா கொடுத்திராத மனிதர், சட்டைப் பையில் கையை விட்டு மடித்த நோட்டுகளை எடுத்தார்.

"இந்தா, இதை வெச்சுக்க. மாசாமாசம் ஏதாவது தர்றேன். எழுத்து மட்டும் கேக்காதே தம்பி. இன்னைக்கு எழுதிக் கேப்பே, நாளைக்கு என் போர்டுல பேரைப் போடச் சொல்லுவே."

பணத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் உழைத்திருக்கிறேன், வாங்காமல் வர நான் என்ன சன்னியாசியா? "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவன் அதற்குப் பிறகு போகவில்லை. அம்மா நோட்டுகளை எண்ணக்கூட இல்லை. "கூலி கொடுத்தானா?" என்றாள். "கொடுத்தார்" என்றேன். தோசை கூடுதலாக இரண்டு வந்தது.

அந்தத் தாலுகாவில் எனக்கு எந்த வாசலும் திறக்கவில்லை. எழுத்துக் கேட்டவன் என்று செய்தி பரவிவிட்டது. மறு கோடையில் நாகப்பட்டினத்தில், தொழிலாளர்களுக்கு வாதாடும் ஒரு வக்கீலிடம் போனேன். அங்கேயும் சம்பளம் இல்லை. நன்னிலத்தில் அன்பு என்றார்கள், இங்கே தியாகம் என்றார்கள். ஆனால் கேட்டதும் அவர் காகிதம் எடுத்து எழுதித் தந்தார், என் இனிஷியலைத் தப்பாக. அங்கே பழகிய தொழில்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. தாசில்தாரிடம் தோற்ற மாணிக்கத்தின் அப்பீலை நடத்தியதும் அந்த ஆபீஸ்தான். மிராசுதாருக்காகக் களத்தில் நெல் அளந்தவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினோம், மாணிக்கத்தின் பெயர் பதிவானது.

இப்போது சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று வந்து கேட்கிறார்கள்: "சம்பளம் இல்லையாம் சார், போகலாமா?" போகலாமா கூடாதா என்று நான் சொல்வதில்லை. முதல் நாளே, இங்கே வேலை செய்கிறேன் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்பேன். வக்கீல் பேனாவைத் தேடினால் தங்கிவிடுங்கள். பர்ஸைத் தேடினால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.