இறால் டப்பாவோடு எல்.இ.டி. வாங்கப் போனோம்

2008 ஜூலையில் ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போய்வந்தேன். காரணம் என் டார்ச் பைத்தியம்தான். என் மனைவியின் தம்பி காதர் பழவேற்காட்டில் இறால் வியாபாரி. இருப்பதிலேயே அதிக வெளிச்சம் தரும் எல்.இ.டி.யைப் போட்டு அவனுக்கு ஒரு டார்ச் செய்து கொடுத்தேன். விடியுமுன் அதை அடித்துப் பார்த்து அவன் வாங்கிய நாலு கூடை இறால், வெயில் வந்ததும் தலை சிவந்து கிடந்தது. கெட்ட சரக்கு. அந்த நீல வெளிச்சத்தில் சிவப்பு தெரியவே இல்லை. கரையே சிரித்திருக்கிறது. இரண்டு மாதமாக என்னோடு பேச்சில்லை. அக்கா சொல்லுக்காகத்தான் அன்று வந்தான்.

சென்ட்ரலில் காலை 7.20 வண்டி, டிக்கெட் ஒன்பது ரூபாய். பொன்னேரியில் காதர் ஒரு ஐஸ் டப்பாவோடு ஏறினான்.

"இன்னாடா அது?"

"எறா. பாதி நல்லது, பாதி கெட்டது. இந்த தபா என் கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

எங்களைச் சுற்றி தாராளமாக இடம் கிடைத்தது. 8.45க்கு இறங்கி, ஷேர் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், தலைக்கு ஐந்து ரூபாய்.

டார்ச் கம்பெனி வாசலில் காவலாளி மூக்கைப் பொத்தினார். "லைட் கம்பெனிக்கு எறா எடுத்துக்கினு வர்றியே, இன்னா பாய்?" போனில் நான் பேசி வைத்திருந்த ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே வந்து கூட்டிப்போனார். எல்.இ.டி.களைத் தரம் பிரிப்பது அவர் வேலை.

ஒரே நாளில் செய்த எல்.இ.டி.கள்கூட ஒன்றுபோல் இருக்காதாம். உள்ளே வெள்ளை பூசிய கோளத்தில் ஒவ்வொன்றையும் ஒரு கணம் எரியவிட்டு வெளிச்சம், நிறம், வோல்டேஜ் மூன்றையும் அளக்கிறார்கள். அதன்படி தனித்தனிப் பெட்டி; அதிக வெளிச்சம் முதல் பெட்டியில், நான் டார்ச்சில் போட்டதும் அந்த ரகம்தான்.

"அப்போ முதல் பெட்டிதானே ஒசத்தி?" என்றேன் பெருமையாக.

"ஒசத்தி தாழ்த்தி இல்ல சார். வேற வேற, அவ்ளோதான். நீங்க வெளிச்சத்த மட்டும் பாத்து வாங்கிக்கினு போயிட்டீங்க."

மேசையில் செய்தித்தாள் விரித்து இறாலைக் கொட்டினோம். ஜன்னலை மூடிவிட்டு ஸ்டெல்லா முதல் பெட்டியிலிருந்து ஒன்றை எரியவிட்டார். வெளிச்ச அளவு நூறு லூமன். நல்லதும் கெட்டதும் ஒரே வெளுப்பு. அடுத்தது வேறு பெட்டியிலிருந்து, எண்பது லூமன், லேசான மஞ்சள். கெட்ட தலைகள் பளிச்சென்று சிவந்தன. காதர் துள்ளினான்.

"இதான் மச்சான்! இதுல பொய் சொல்ல முடியாது!"

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. பத்து நிமிடத்தில் பழைய டார்ச்சில் புது எல்.இ.டி.யை மாட்டிக் கொடுத்தார்கள். நூற்றெண்பது ரூபாய்.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். சனிக்கிழமை ஒரு மணிக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள். லூமனோடு நிறத்தையும் கேளுங்கள். எதைப் பார்க்க டார்ச் வேண்டுமோ, அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு போன் அடித்தது.

"மச்சான், ரெண்டு கூடைய வேணாம்னு தள்ளிட்டேன். எல்லாரும் ஒங்க டார்ச்சத்தான் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழம அக்காவ இட்டுக்கினு ஊட்டுக்கு வாங்க, சாப்ட்டுப் போலாம்."