செருப்போடு வந்தவர்

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். ஆரணியில் தறிச் சத்தம் ஓயாத தெரு எங்களுடையது. என் கணவர் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைவார். நான் அதைக் கணினியில் ஏற்றிச் சரிசெய்து கொடுப்பேன். அது போக, வீட்டுத் தறியிலும் அவர் உட்காருவார். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கை போய்விட்டது, இனி வரைவது கஷ்டம்தான் என்று வேலூர் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அவர் வரைந்த தாள்களைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. இத்தனை வருட உழைப்பும் வீட்டுக் கணினியில் மட்டும்தான் இருந்தது. இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்ததோடு சரி.

தறியில் பாதியில் நின்ற கல்யாணப் புடவையைப் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மாறி மாறி உட்கார்ந்து நெய்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் தெருவில் அப்படித்தான். ஆனால் கணினி வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை. கடைக்காரர்கள் கேட்ட மாற்றங்களை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் செய்ய முடியுமா என்று பார்த்தேன். வீட்டுக் கணினித் திரையை அப்படியே போனில் காட்டும் ஒரு மென்பொருள் இருந்தது. அதற்குக் கணினியில் ஒரு 'போர்ட்'டைத் திறந்துவிட வேண்டும். அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்த அன்று அதைத் திறந்தேன். எங்கள் வீட்டில் ரௌட்டர் கிடையாது. கேபிள்காரர் இழுத்துவிட்ட நீல ஒயர் நேராகக் கணினியின் முதுகில் செருகியிருக்கும். நடுவில் தடுக்க ஒன்றுமில்லை என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. யார் யார் வரலாம் என்று அது கேட்டது. 'யாரும் வரலாம்' என்று கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. வெறுமனே விட்டேன்.

படித்தவள் செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் தறி ஓடும்போது யாரும் வாசல் கதவைச் சாத்த மாட்டோம். சாத்தினால் தட்டுவது காதில் விழாது. பால்காரர், நூல் கொண்டு வருபவர், எல்லோரும் நேராக உள்ளே வந்துவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கமே எனக்கு இல்லை. கணினிக்கும் அதே புத்தியில் நடந்துகொண்டேன்.

சில நாள் நன்றாகத்தான் போனது. ஒரு மதியம், அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனை எடுத்தேன். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. என் விரல்தான் பட்டுவிட்டதோ என்று கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் நகர்ந்தது. அவருடைய டிசைன்கள் இருந்த இடம் திறந்தது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏதோ புரியாத எழுத்துகளாக மாறின. யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள்! போனிலிருந்தே நிறுத்தப் பார்த்தேன், அம்புக்குறி எனக்கு அடங்கவில்லை.

அந்த இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினால் போதும், வெளியிலிருந்து பூட்டுகிறவர்கள் கை அத்தோடு எட்டாது. ஆனால் யார் பிடுங்குவது? அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எதிர்வீடு, அடுத்த வீடு, ஒருவரும் எடுக்கவில்லை. தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தெருவில் தறியில் உட்காராத ஆள் யாரென்று யோசித்தபோது தண்ணீர் கேன் போடுபவர் நினைவுக்கு வந்தார். அவரைத்தான் அதற்கு முந்தின மாதம் செருப்போடு உள்ளே வந்துவிட்டார் என்று தெருவே பார்க்க வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். அதிலிருந்து கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். வேறு வழியில்லாமல் அவருக்கே போன் போட்டேன்.

"இன்னாக்கா, கேன் போடணுமா?" என்றார்.

"அண்ணா, எங்க வூட்டுக்கு ஜல்தியா ஓடுங்க. கம்ப்யூட்டர் பின்னாடி ஒரு நீல ஒயரு இருக்கும், அதப் புடுங்கிடுங்க!"

"உங்க தெரு முனைலதான் கேன் எறக்கிகினு இருக்கேன். ஆனா உள்ள வந்தா நீங்க கோச்சிப்பீங்களே..."

"செருப்போடயே போங்கண்ணா! அவரு வரைஞ்சதெல்லாம் போவுது!"

போன் வழியாக அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு தறிச் சத்தம், "இன்னாபா, இன்னா ஆச்சு?" என்று அக்காவின் குரல். திரை அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது.

கோப்புகளை அகர வரிசையில்தான் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அன்னம் என்று தொடங்கியவை எல்லாம் போய்விட்டன. கடைசி வரை மீட்க முடியவில்லை. மாங்காய், மயில், யாளி தப்பின. நான் அழுதுகொண்டே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்போடயே போகச் சொன்னேன் என்ற இடம் வந்ததும் அவருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, சிரிக்கிறார். விழுந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு.

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். வாசலிலிருந்து கணினி மேசை வரை சேறு படிந்த செருப்புத் தடம் காய்ந்து கிடந்தது. "நான்தான் தொடைக்காம வுட்டேன், நீ வந்து பாக்கட்டும்னு" என்றார் அக்கா.

இப்போது கணினியில் அந்த வாசலை அடைத்துவிட்டேன். ரௌட்டர், கடவுச்சொல், நகல் எல்லாம் உண்டு. தெரு வாசல் மட்டும் இன்றும் திறந்தேதான் இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் தண்ணீர்க்காரர் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கேனை உள்ளே கொண்டு வருகிறார். அப்படி அவர் குனியும்போதெல்லாம், ஈரத்துணியோடு அந்தத் தடத்தின் முன்னால் உட்கார்ந்து, துடைக்க மனம் வராமல் அழுதது எனக்கு நினைவுக்கு வரும்.