அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

எனக்கும் அண்ணனுக்கும் ஏழு வருடமாகக் கதை பேச்சு இல்லை. காணிச் சண்டை என்றால் ஊர் மதித்திருக்கும். எங்கள் சண்டை தாளத்தால் வந்தது. அவர் எங்கள் கோயில் பாடகர் குழாமின் தலைவர், நான் ஓர்கன் வாசிப்பவன். யுத்தம் முடிந்த கையோடு கொழும்புக்குப் போய் ஒரு புதுக் கீபோர்ட் வாங்கிவந்தார். ஒரு பொத்தானை அமத்தினால் அதுவே மேளமும் அடிக்கும். நற்கருணைப் பாட்டுக்கு அவர் அந்தப் பொத்தானை அமத்த, கோயிலுக்குள் கலியாண வீட்டுத் தாளம் கிளம்பியது. "பூசையா இது, பைலாவா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டு எழும்பி வந்தவன்தான் நான். அவர் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். இவன் வரட்டும் என்று அவர் இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மணல் ஒழுங்கையும் நாலு தென்னையும்தான்.

அதற்குப் பிறகு பூசைக்குப் போனால் கடைசி வரிசை வாங்கில் இருப்பேன். விரல்கள் சும்மா இருக்குமா? முன் வாங்கின் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கும்.

இத்தாலியில் வேலை செய்யும் மகள் லீவில் வந்தபோது என்மேல் இரக்கப்பட்டு ஒரு லப்டொப், ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைக்க இரண்டு கீபோர்ட், காலால் மிதிக்கிற மரக்கட்டை வரிசை எல்லாம் கொண்டுவந்தாள். அங்கே ஏதோ பழைய கோயிலில் காற்றூதிப் பாடும் பெரிய ஓர்கன் ஒன்று இருக்கிறதாம். அதன் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பாடவிட்டுப் பதிந்து கொம்பியூட்டருக்குள் போட்டிருக்கிறார்கள். நான் இங்கே கற்பிட்டியில் ஒரு கட்டையை அமத்தினால், அந்தக் குழாய் என் முன்னறையில் பாடும். கோயிலின் எதிரொலியும் சேர்ந்தே வரும். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஆனால் லப்டொப்பின் சொந்தச் சத்தத்தில் அது நுளம்பு பாடுவதுபோலத்தான் இருந்தது.

அங்கே பிடித்தது ஸ்பீக்கர்ப் பைத்தியம். "ஹெட்போன் மாட்டுங்க அப்பா, காணும்" என்றாள் மகள். காதை மூடிக்கொண்டு வாசிக்க நான் என்ன களவா செய்கிறேன்? புத்தளம் டவுனில் இரண்டு சின்னப் பெட்டிகள் வாங்கினேன். மேல் தொனிகள் தேன். காலால் மிதிக்கிற அடித் தொனிகளுக்கு வந்தால் காலுக்குத்தான் வேலை, காதுக்கு ஒன்றும் வரவில்லை. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படம் பார்ப்பதற்கென்று விற்கிற செட் ஒன்றை எடுத்தேன். அதில் அடித் தொனிக்கென்றே தனிப்பெட்டி. எந்தக் கட்டையை மிதித்தாலும் அது ஒரே சுருதியில்தான் உறுமியது. படத்தில் குண்டு வெடிக்க அது காணும், ஓர்கனுக்குக் காணுமா?

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்தபடி கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க. சத்தம் உங்களுக்குக் கேக்கவா, உங்கட அண்ணனுக்குக் கேக்கவா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. உண்மையைச் சொன்னால் ஏறாதா? ஓம், அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும் பட்டேன். கேட்டுவிட்டு, தாங்காமல் எழும்பி, அந்த ஒழுங்கையைத் தாண்டி அவர் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நீங்க போய் ஒரு வார்த்தை கதைச்சா முடியிற வேலை. அதுக்கு இவ்வளவு வயரா?" என்றாள்.

கடைசியில் சவுண்ட் செட் நானாவைப் பிடித்தேன். தொண்ணூறில் முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, இங்கே சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியவர். பள்ளிவாசல் கூட்டம், கோயில் திருநாள், கலியாணம் எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிகள்தான். தானே பலகை அறுத்துச் செய்த இரண்டு பெட்டிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். ஆள் உயரம். "அலுமாரியெண்டா உடுப்பாவது வைக்கலாம்" என்றாள் மனைவி.

"ஒரு கட்டையை மிதிங்க மாஸ்டர்" என்றார் நானா. மிதித்தேன். சுவரில் திருஇருதயப் படம் நடுங்கியது, கண்ணாடி அலுமாரிக்குள் பீங்கான்கள் கிணுகிணுத்தன, என் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. அடித் தொனி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "இப்பதான் சாமான் பேசுது" என்றவர், இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டுபோய் யன்னல் வழியே வெளியே பார்க்க வைத்தார்.

"நானா, நான் இருக்கிறது உள்ளுக்கு!"

"மாஸ்டர், இந்தக் கரையில இருவது வருசத்துக்கு மேல பொக்ஸ் கட்டுறன். ஊட்டுக்குள்ள பாத்து எவன் கட்டினான்? ஸ்பீக்கரெண்டா ஊருக்கு. வள்ளத்தில இருக்கிறவனுக்கும் கேக்கணும்."

திருப்பி வை என்று நான் சொல்லியிருக்கலாம். பெட்டிகளின் வாய் போன திசையைப் பார்த்தேன். தென்னைகளுக்கு அங்கால் அண்ணன் வீட்டுக் கூரை. "சரி, இருக்கட்டும் நானா" என்றேன்.

காலுக்கு நிறைய வேலையுள்ள ஒரு மெதுவான இசையை எடுத்துச் சத்தத்தை முழுக்கத் திறந்து தொடங்கினேன். எங்கள் கரையில் ஒரு வீட்டில் யாராவது கண்ணை மூடினால், முதல் வேலையாகப் படலையில் ஸ்பீக்கர் கட்டி, இப்படித்தான் மெதுவான ஓர்கன் இசை போடுவார்கள். கடலில் நிற்பவனும் அதைக் கேட்டுவிட்டு வலையை இழுத்துக்கொண்டு திரும்புவான். இது எனக்குத் தெரியாதா? எத்தனை மரண வீட்டில் நானே வாசித்திருக்கிறேன்! ஆனால் அன்று தலைக்குள் குழாயைத் தவிர வேறொன்றும் இல்லை.

நானா சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். "மாஸ்டர்... இது மௌத்து ஊட்டு மியூசிக் இல்லியா?"

"சும்மா இருங்க நானா, கடைசிப் பக்கம்!" என்றேன்.

முற்றத்தில் நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். மரண உதவிச் சங்கத்து ஆட்கள் பிளாஸ்டிக் கதிரைகளோடு படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். கிணற்றடியிலிருந்து சவர்க்காரக் கையோடு வந்த மனைவியை அடுத்த வீட்டுக்காரி கட்டிப்பிடித்துக் கதறினாள். "ஐயோ அக்கா, காலையிலகூட பாண் வாங்கிக்கொண்டு போனாரே!"

"ஆர்?"

"மாஸ்டர்தான்!"

"அந்தாள் உள்ளுக்க இருந்து மிதிக்குது" என்றாளாம் மனைவி.

நான் கடைசித் தொனியில் காலை ஊன்றியபடி நிமிர்ந்தபோது வாசலில் அண்ணன் நின்றார். மேலில் சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை, அவிழப் பார்த்த சாரம் ஒரு கைப்பிடியில். அம்மாவை அடக்கம் செய்த அன்றும் அழாத மனிதர், முகம் முழுக்கக் கண்ணீர். ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுப்பினார், கன்னத்தைத் தடவினார், பிறகு பிடரியில் ஓங்கி ஒன்று போட்டார்.

"காலை எடுடா! காது போகுது!"

எடுத்தேன். அந்த இத்தாலிக் கோயிலின் எதிரொலி மெல்ல அடங்கியது. சங்கத்து ஆட்கள் கொண்டுவந்த கதிரை ஒன்றை நானா இழுத்துப் போட, அண்ணன் அதில் தொப்பென்று இருந்தார். மூச்சு வாங்கியது.

"உங்களுக்குக் கேக்கட்டுமெண்டுதான் அண்ணே அந்தப் பக்கம் திருப்பினது" என்றேன். வேறென்ன சொல்ல?

"கேட்டுது." சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மகளிட கலியாணத்துக்கு நீ எனக்குச் சொல்லேல்ல. சரி, கோபமெண்டு இருந்தன். இண்டைக்கு அந்த ஒழுங்கையில ஓடி வரேக்க என்ன நினைச்சன் தெரியுமா? என்ர தம்பி செத்ததையும் ஊரான் மாதிரி ஸ்பீக்கர்லதான் கேக்க வேண்டியிருக்குதே, எனக்கு ஒரு ஆள் அனுப்பேல்லையே எண்டுதான்."

மகளின் கலியாணத்தின்போது, சொல்லுவோம் என்று அழுத மனைவியை அதட்டி அடக்கியவன் நான். ஓர்கன் வாங்கிலிருந்து இறங்கி அவர் காலடியில், நிலத்தில் இருந்தேன்.

"பிழை என்னிலதான் அண்ணே" என்றேன்.

"அது ஊருக்கே தெரியும்" என்றார். "முதல்ல குடிக்கத் தண்ணி கொண்டா."