காலிக் கட்டத்துக்கு நான் அடிச்ச மஞ்சள் கலரு

கணக்குப் பாடத்துல எழுத்து காணாம போயி அந்த எடத்துல காலிக் கட்டம் நின்னா, அத 'கட்டத்த நிரப்புக'ன்னு நெனச்சு கலர் அடிச்சவன், பாண்டிச்சேரியிலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். லேசான மஞ்சள். மூலைய கொஞ்சம் வளைச்சு வேற விட்டேன், புள்ளைங்களுக்குப் புடிக்கும்னு.

நம்மளுது சின்ன டிடிபி கடை. பிரெஞ்சு பென்ஷன்காரங்க கடுதாசி கொண்டாந்தா, எழுத்து மேல வர்ற கொம்பையெல்லாம் ஒழுங்கா வெச்சுக் குடுப்பேன். நிக்காஹ் பத்திரிகைக்கு மேல அரபி வரி போடுவேன். அது ரெடிமேட் படம், இழுத்து வெச்சா வேலை முடிஞ்சுது. அந்த தைரியத்துலதான் போர்டுல 'எல்லா மொழியும் செய்து தரப்படும்'னு எழுதி வெச்சிருந்தேன்.

அத நம்பி ஒரு கணக்கு டீச்சர் வந்தாங்க. நம்ம ஊரு முஸ்லிம் வீட்டுப் பொண்ணு, இப்ப மூலக்குளத்துல குடியிருக்காங்க. புருஷனோட ஒரு அரபு நாட்டுல இருந்து, அங்கயே பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தவங்க. அவருக்கு அங்க வேலை போனதும் குடும்பமா திரும்பிட்டாங்க. இப்ப அதே நாட்டுப் பள்ளிக்கூடம் ஒண்ணு, ஆன்லைன்ல பாடம் நடத்த ஆள் கேட்டிருந்துது. ஒரு மாதிரிப் பாடம், புத்தகம் மாதிரி பக்கம் கட்டி, அன்னிக்கு அவங்க ஆஃபீஸ் மூடறதுக்குள்ள போய்ச் சேரணும். லேட்டானா வரிசையில அடுத்த ஆளு.

"நானே செஞ்சா படமெல்லாம் பக்கம் விட்டுப் பக்கம் ஓடுதுண்ணே. அரபியில கணக்கு செஞ்சிருக்கீங்களா?"

"அரபியெல்லாம் நமக்கு ஜுஜுபிம்மா. வீட்டுக்குப் போங்க, வாட்ஸப்புல அனுப்பறேன்."

ஃபைலத் தொறந்தேன். பாடம் அழகா வலப்பக்கத்துலேர்ந்து ஓடுது. கணக்கு வர்ற எடத்துல மட்டும் கட்டம், கூட்டல் குறி, மூணு, சமம், ஏழு. நீங்களே சொல்லுங்க, பாத்தா என்ன தோணும்? எல்லாக் கட்டத்தையும் அழிச்சிட்டு, எழுத எடம் பத்தாதேன்னு பெருசா வரைஞ்சு, மஞ்சள் அடிச்சு அனுப்பினேன்.

ஒடனே ஃபோன். "அண்ணே, என் எழுத்தெல்லாம் எங்க?"

"அத புள்ளைங்க எழுதிக்கும்மா. கட்டம் பெருசா வெச்சிருக்கேன்."

டீச்சர் அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க போல.

"ரெண்டு கட்டம் ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதுல என்ன எழுதுவாங்க? இனிஷியலா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள வெச்சிட்டாங்க. ஸ்கூட்டியில லேப்டாப்போட வந்து எறங்கினப்போ வெயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. நம்ம ஊர்ல பொழுது சாயறப்ப அங்க ஆஃபீஸ் மூடிடும். அவங்க ஸ்க்ரீன்ல பாத்தா, நான் கட்டம்னு நெனச்ச எடத்துலயெல்லாம் அரபி எழுத்து கம்பீரமா நிக்குது. நம்ம எக்ஸ், ஒய் மாதிரி அவங்களுக்கு அது.

"இவ்ளோதான? இப்ப அடிச்சுடறேன்"னு சாதா அரபி எழுத்த ஒவ்வொண்ணா தட்டினேன். எழுத்து வந்துது. பக்கத்து எழுத்தோட கையக் கோத்துக்கிட்டு வந்துது.

"இது பெருக்கல்ணே. ரெண்டும் தனித்தனியா நிக்கணும். இப்படி ஒட்டினா ஏதோ வார்த்தைன்னு படிப்பாங்க. கணக்கு எழுத்துக்கு கம்ப்யூட்டர்ல தனி நம்பர் குடுத்திருக்காங்க. நான் அதப் பாத்துப் பாத்து போட்டிருந்தேன்."

"அப்ப எனக்கு ஏன் கட்டமா வந்துது?"

"எங்க மூலக்குளத்துப் பக்கம் மனை போட்டு நம்பர் கல்லு நட்டிருப்பாங்க பாருங்க, வீடு இருக்காது. உங்க கம்ப்யூட்டர்ல நம்பர் இருக்கு, எழுத்தோட உருவம் இல்ல. அதுக்கு உண்டான ஃபான்ட் என் லேப்டாப்புலதான் இருக்கு."

பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை பேரு மொதக்கொண்டு கட்டங்கட்டமா மாறி வந்து நின்னத எத்தன தடவ பாத்திருக்கேன். தமிழுக்கு வந்தா ஃபான்ட் கோளாறு. அரபிக்கு வந்தா பயிற்சியாம்.

ஃபான்ட்ட ஏத்தி, அவங்க ஃபைல மறுபடி மொதல்லேர்ந்து எறக்கினேன். கட்டமெல்லாம் எழுத்தாச்சு. கத்தாத கொறை. டீச்சர் சிரிக்கல. வெரல ஸ்க்ரீன்ல வெச்சு வரி வரியா வாய்க்குள்ள படிச்சுக்கிட்டே வந்தவங்க, ஒரு எடத்துல நின்னாங்க.

"ஸ்கொயர் ரூட் குறி இங்கிலீஷ் மாதிரி நிக்குது. இங்க கணக்கு வலதுலேர்ந்து போவுது. அதுவும் திரும்பி நிக்கணும்."

நம்ம சாஃப்ட்வேருக்கு அதத் திருப்பத் தெரியல. எனக்குத் தெரியும். புடிச்சு, கண்ணாடியில பாக்கற மாதிரி ஒரு கிளிக்குல திருப்பினேன். ஒவ்வொரு ரூட்டா திருப்பித் திருப்பி, தெருவுல வெளக்கு எரிய ஆரம்பிச்சப்போ முடிச்சேன். டீச்சரோட ஃபோன்ல வீட்டுக்காரர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, அவங்க எடுக்கல. பிடிஎஃப் ஆச்சு, மெயில்ல சேத்தாச்சு. அனுப்பற பட்டன் மேல என் கை.

"அண்ணே, நில்லுங்க!"

கைய சுட்ட மாதிரி எடுத்தேன்.

"உள்ள ரெண்டுதான போட்டிருந்தேன்? இது ஏன் ஆறு மாதிரி இருக்கு?"

ரூட்ட திருப்பினப்போ உள்ள குந்தியிருந்த நம்பரும் சேந்து திரும்பிடுச்சு. அரபி ரெண்டக் கண்ணாடியில பாத்தா கிட்டத்தட்ட அவங்க ஆறு. இது தெரியாம ரெண்ட ஆறாக்கி, ஒரு கணக்கு டீச்சர் பேர்ல வெளிநாட்டுக்கு அனுப்பப் பாத்தேன். டீச்சர் நாற்காலிய பக்கத்துல இழுத்துப் போட்டு, மவுஸ என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாங்க. அவங்க ஒவ்வொரு ரூட்டா புடிச்சுக் காட்ட, நான் கீபோர்டுல குறிய மட்டும் திருப்ப, நம்பர அவங்களே உள்ள வெச்சாங்க. என் கடையில நான் எடுபிடியா இருந்தது அன்னிக்குத்தான்.

மெயில் போச்சு. போய்ச் சேந்துதா, ஆஃபீஸ்ல ஆள் இருந்தாங்களா, ஒண்ணும் தெரியல. லேப்டாப்ப மூடி, சலாம் சொல்லி, ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் பல நாளு, எந்தக் கட்டத்தப் பாத்தாலும் ஃபான்ட் கோளாறான்னு ரெண்டு தடவ பாத்தேன். ரேஷன் கார்டு ஃபாரத்துல இருக்கறதக்கூட.

ஒரு மத்தியானம் வந்தாங்க. மேசை மேல பேரீச்சம்பழ டப்பாவ வெச்சாங்க. எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு, வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களா! அப்ப மீதிப் பாடத்தையும் நம்மளே புத்தகமா ஜமாய்ச்சிடலாம்மா."

டீச்சர் போர்டப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க.

"வேலை கெடச்சிடுச்சுண்ணே. புத்தகத்துக்கு வேற ஆள் பாத்துட்டேன்."