டீக்கன் ஜன்னலுக்குப் போகும் நேரம்

பள்ளிக்கூட பஸ்ஸை வேல்ஸ் மலைப்பாதையில் ஓட்டியே தலை நரைத்தவள் நெஸ்ட்டா. ஒற்றைத் தடத்தில் எதிரே வரும் டிராக்டர்காரன்தான் வண்டியைப் பின்னால் எடுப்பான். அவள் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்பேர்ப்பட்டவளை அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் நடுவில் நிறுத்திவைத்துக் கேட்டார், சபை நிர்வாகத்தைப் பார்க்கும் டீக்கன் டெக்வின்.

"நெஸ்ட்டா, அறுப்புப் பண்டிகை விருந்துக்கு இந்த வருஷம் உன் சீஸ் ரொட்டி வேண்டாம். அதுல பீர் ஊத்துறியாமே? குடிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்க கட்டின சபை இது."

ஊத்துறியாமே! யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர் மாதிரி! நெஸ்ட்டாவுக்கு உச்சந்தலை கொதித்தது. மனைவி மென்னா இறந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் இவர் சாப்பிடுவது யார் வீட்டில்? வெண்ணெயில் மாவைப் பிரட்டி, கடுகு விழுது போட்டு, அவர் கண்ணெதிரேதான் அவள் கறுப்பு பீர் பாட்டிலைத் திறப்பாள். மூடி கழலும் சத்தம் கேட்டதும் மனுஷன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். "மழை வரும்போல இருக்கே" என்பார், கொட்டுகிற மழையைப் பார்த்து. துருவின சீஸ் கரைந்து, ரொட்டிமேல் ஏறி, கிரில்லில் கொப்பளித்துச் சிவந்த பிறகுதான் திரும்பி வருவார். மூன்று துண்டுக்குக் குறைந்து தின்றதில்லை.

அந்தச் செவ்வாயும் வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்தார். நெஸ்ட்டா பீருக்குப் பதில் பாலை ஊற்றினாள். பழக்கதோஷத்தில் பாதி எழுந்தவர், சத்தம் வராததால் மறுபடி உட்கார்ந்தார்.

ஒரு கடி கடித்தார். முகம் சப்பென்று போயிற்று.

"என்னவோ குறையுதே, நெஸ்ட்டா."

"என்ன குறையுது? பேரைச் சொல்லுங்க."

டெக்வின் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அங்க இல்ல அது. வருஷம் பூரா என் வீட்டுல தின்னுட்டு, சபையில என்னைக் குடிகாரி மாதிரி நிக்க வெச்சீங்களே, நல்லாருக்கா?"

"ஊர் வாய்க்குப் பயந்து சொல்லிட்டேன், விடு. விருந்துக்குக் கொண்டு வா. யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசவே வேண்டாம். பீர் ஊத்தித்தான் செய்வேன். எல்லார் முன்னாலயும் மொதத் துண்டை நீங்க தின்னணும். அது போதும்."

டெக்வின் தலையாட்டினார்.

விருந்தன்று சபையை ஒட்டின வெஸ்ட்ரி கூடத்து அடுப்பிலேயே சுடச்சுடச் செய்து, தட்டை அவர்முன் வைத்தாள். சபை முழுக்க அவர் வாயையே பார்த்தது. தின்றார். கண்ணை மூடி ரசித்தே தின்றார். நெஸ்ட்டாவுக்கு அப்போதுதான் மனசு ஆறியது. டெக்வின் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தயங்காம சாப்பிடுங்க. இந்தத் தடவை பால்லதான் செஞ்சிருக்கா. நான்தான் சொல்லித் திருத்தினேன்."

பாவி மனுஷன்! தின்ற வாய் காய்வதற்குள் பொய்!

நெஸ்ட்டா விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். காலி பீர் பாட்டிலை எடுத்துவந்து, அவர் தட்டுப் பக்கத்தில் நங்கென்று வைத்தாள்.

"டீக்கன் ஐயா சொன்ன பால் இதுலதான் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை வீட்டுல குடுக்கிற பாலும் இதேதான்."

டெக்வின் மெல்ல நகர்ந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே மழைகூட இல்லை.